குளத்தங்கரைப் பிரசங்கம், இரண்டாம் முறை

போன வாரம் மாமியார் போனில் ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு வைத்தாரே, அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். "இந்த ஞாயித்துக்கிழமை மட்டும் மாமாவை எதுவும் குடையாதீங்க மாப்பிள்ளை." ஏன், எதற்கு என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. அந்த ஒரு வரியை மென்றுகொண்டே ஒரு வாரத்தை ஓட்டினான் நம் மைக் மாப்பிள்ளை. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மைக் மாப்பிள்ளை என்பது சபையார் வைத்த பெயர். கிறிஸ்தவக் கோயில் போதகரின் ஒரே மகளைக் கட்டியவன். கடவுள் நம்பிக்கை கிடையாது. அதை ஒளித்து வைத்துக் கல்யாணம் செய்துகொண்டவன் இல்லை. பெண் பார்க்க வந்த அன்றே பெண்ணிடமும் பெண்ணின் அப்பாவிடமும் நேராகச் சொன்னவன். போதகர் கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "நம்ப வேண்டாம் மாப்பிள்ளை. கேக்கறதுக்கு என்ன?" என்றார்.

கேட்பதற்குத்தான் வைத்துவிட்டார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் மிக்சர் மேசை, தலையில் ஹெட்போன். வாரத்தின் மற்ற நாட்களில் காது மெஷின் கடையில் வேலை என்பதால் சத்தம் அவனுக்குப் பழகிய சரக்கு. ஒன்பது வருடமாக ஒரு ஞாயிறு விடாமல் ஒவ்வொரு பிரசங்கத்தையும் முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை கேட்டவன், பதிவு செய்தவன் அவன் ஒருவன்தான். ஜெபத்தின்போது கண்ணை மூட மாட்டான். மீட்டரைப் பார்க்க வேண்டும் என்று காரணம் சொல்லிக்கொள்வான், யாரும் கேட்காவிட்டாலும்.

இன்றைய ஞாயிறு சாதாரண ஞாயிறு இல்லை. மாலை ஐந்து மணிக்குக் கமிட்டி கூடுகிறது. ஓய்வு வயதைத் தாண்டிவிட்ட போதகருக்கு இன்னும் இரண்டு வருடம் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறார்கள். வேண்டாம் என்றால் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீடு போனால் வேறு வீடு. ஆனால் மனைவி நேற்று துணி மடித்துக்கொண்டே சொன்னது அவன் மனதில் உட்கார்ந்துவிட்டது. "அப்பாவுக்கு ஞாயித்துக்கிழமை இல்லேன்னா மத்த ஆறு நாளும் இல்லைங்க."

பாட்டு முடிந்தது. போதகர் பீடத்தில் ஏறினார். சட்டை மைக்கை மாப்பிள்ளை திறந்துவிட்டான்.

"குளத்தங்கரையில ஒருத்தர் முப்பத்தெட்டு வருஷமா படுத்திருக்கார்" என்று ஆரம்பித்தார் போதகர்.

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தான். மூன்று வாரத்துக்கு முன் இதே குளத்தங்கரை மனிதனைப் பற்றித்தான் பேசியிருந்தார். யாராவது தூக்கிவிட மாட்டார்களா என்று காத்துக் கிடக்கிறான், இயேசு வந்து, எழுந்து நட என்கிறார், நடக்கிறான். அன்று பிற்பகல் டீயில் மாப்பிள்ளை ஒரு கேள்வி கேட்டிருந்தான். சுற்றிலும் அத்தனை பேர் படுத்துக் கிடந்தார்களே, ஒருவனை மட்டும் எழுப்பிவிட்டு மற்றவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போனால் அது என்ன கருணை? போதகர் நோட்டில் அதைக் குறித்துக்கொண்டார். "இதுக்கு டைம் குடுங்க மாப்பிள்ளை" என்றார்.

இது இருவருக்கும் இடையிலான வழக்கம். ஞாயிறு மூன்றரை மணிக்கு, புத்தக அறையில், டீயோடு போதகர் கேட்பார்: "இன்னிக்கு எது நிக்கலை?" எந்த இடத்தில் பிரசங்கம் ஆட்டம் காண்கிறது என்று மாப்பிள்ளை சொல்வான். அவர் பிரசங்க நோட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். அடுத்த வாரம் முதல் ஐந்து நிமிடத்தில், யார் கேட்டது என்று சொல்லாமல், அதற்குப் பதில் வரும். ஐயா எவ்வளவு ஆழமாக யோசிக்கிறார் என்று சபையார் வியப்பார்கள். ஆழம் தோண்டியவன் கடைசி வரிசைக்குப் பின்னால் ஹெட்போனுக்குள் சிரித்துக்கொள்வான். சில மாதமாகப் பதில் வருவது நின்றிருந்தது, மாமா டைம் எடுத்துக்கொள்கிறார் என்று அவன் நினைத்திருந்தான்.

ஆகவே, இன்றைக்கு மற்றவர்களைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தான்.

ஏழாவது நிமிடத்தில் குடைக் கதை வந்தது. இளம் வயதில் போதகர் வழி தெரியாத ஊரில் மழையில் குடையை இறக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றாராம். பஸ் அவருக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்ததாம், குடை மறைத்ததாம். சபை சிரித்தது. சிரித்து முடித்ததும் போதகர், "இன்னமும் அந்தக் குடை எங்கிட்ட இருக்கு" என்றார். மறுபடியும் சிரிப்பு.

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வாரத்துக்கு முன்பும் இதே இடம். இதே குடை. இதே இரண்டு சிரிப்பு.

ஒரு கதையை இரண்டு முறை சொல்வது பெரிய குற்றம் இல்லை, யார்தான் சொல்லவில்லை. ஆனால் அடுத்து வந்த வாக்கியமும் அதேதான். அதற்கடுத்ததும் அதேதான். இரண்டாவது குறிப்புக்கு முன் ஒரு மடக்குத் தண்ணீர். மூன்றாவது குறிப்பில் குரலைத் தாழ்த்தும் இடம். மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் பழைய பதிவைத் திறந்து பக்கத்தில் வைத்தான். நாற்பத்தொரு நிமிடம். இன்றையது முடிந்தபோது பார்த்தான், நாற்பத்தொரு நிமிடம். மற்றவர்களைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

அவன் தலையைத் தூக்கிச் சபையைப் பார்த்தான். இருநூறு பேர் இருப்பார்கள். ஒருவர் முகத்திலாவது ஒரு சந்தேகம், ஒரு நெற்றிச் சுளிப்பு இருக்க வேண்டுமே? இல்லை. சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் கடையில் காது சோதிக்கும்போது, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். சிலர் கேட்காத சத்தத்துக்கும் அழுத்துவார்கள், பாவம், எதிரில் இருப்பவன் மனம் கோணக் கூடாதே என்று. இங்கே இருநூறு பேரும் அப்படித்தான் அழுத்திக்கொண்டிருந்தார்களா? ஒன்பது வருடமும்? முதலில் அவனுக்கு எரிச்சல்தான் வந்தது. எரிச்சல் இறங்கிய பிறகுதான் மற்றது உறைத்தது. சொன்னதையே திரும்பச் சொல்கிறோம் என்று மாமாவுக்குத் தெரிந்திருந்தால் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

ஆசீர்வாதம் முடிந்ததும் சட்டை மைக்கை மூடிவிட வேண்டும். அது மிக்சரில் உட்காருபவனின் முதல் ஒழுக்கம். இன்று மூட மறந்தான். ஹெட்போனில் வாசல் பேச்செல்லாம் வந்தது. அருமையான செய்தி ஐயா. எனக்காகவே பேசின மாதிரி இருந்துச்சு ஐயா. பிறகு கதவு சாத்தும் சத்தம். மாமியாரின் குரல், தடுமாறாமல் பேசினீர்கள் என்றது.

"புதுசா இருந்துச்சா?" என்று கேட்டார் போதகர். "எனக்கு எங்கயோ சொன்ன மாதிரியே இருந்துச்சு."

"உங்க பேச்சு உங்களுக்குப் பழகினதாத்தான் இருக்கும். புதுசுதான்."

மாப்பிள்ளை பொத்தானை இறக்கினான். காது இரண்டும் சுட்டது. குடையாதீர்கள் என்று அத்தை போனில் சொன்னதன் பொருள் இப்போது விளங்கியது.

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மேசைக்கு எதிரில் பஸ் டிரைவர் வந்து நின்றார். எட்டு மாதத்துக்கு முன் அவர் ஓட்டிய பஸ் கவிழ்ந்தது. உயிர் எதுவும் போகவில்லை. ஆனாலும் அன்று இறங்கியவர் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. டிப்போவிலிருந்து கூப்பிட்டுப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு முன் அவர்தான் பிரசங்கத்தின் காப்பி கேட்டு, மாப்பிள்ளை அவர் போனிலேயே ஏற்றிக் கொடுத்திருந்தான்.

"கவனிச்சீங்களா சார்?" என்றார் டிரைவர், தணிந்த குரலில். "அதே செய்தி."

மாப்பிள்ளை வயரைக் கீழே வைத்தான். இருநூறில் ஒருவர் இருந்திருக்கிறார்.

"அன்னிக்குக் கேட்டப்போ எழுந்திரிக்கணும்னு தோணுச்சு. எழுந்திரிக்கலை. தினம் போன்ல போட்டுக் கேட்டேன், அப்பவும் எழுந்திரிக்கலை. இன்னிக்கு ஐயா திரும்ப அதையே சொன்னார் பாருங்க, ஒரு வார்த்தை மாறாம. எனக்காக ரெண்டாம் தடவை சொல்ல வெச்சிருக்கார் ஆண்டவர்." டிரைவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நாளைக்கு டிப்போவுக்குப் போறேன். இன்னிக்குச் சாயங்காலமே வந்து ஐயாகிட்ட சொல்லணும்."

நல்லது அண்ணே, போயிட்டு வாங்க என்று மட்டும் சொன்னான் மாப்பிள்ளை. வேறென்ன சொல்வது? ஒரே பிரசங்கம். இவனுக்கு அது ஒரு மனிதரின் மூளை தேய்வதாகக் கேட்டது, அவருக்குக் கடவுள் கூப்பிடுவதாகக் கேட்டது. இருவரும் ஒரே நாற்பத்தொரு நிமிடத்தைத்தான் கேட்டிருந்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்துக் கமிட்டிச் செயலர் போன் செய்தார். கடைசி இரண்டு மாதப் பிரசங்கப் பதிவுகள் எல்லாம் ஒரு பென் டிரைவில் வேண்டுமாம். தலைமை அலுவலகத்துக்குப் போகிறதாம். ஐந்து மணிக்குக் கொண்டுவரச் சொன்னார்.

சாப்பாடு எப்படி இறங்கியது என்று தெரியவில்லை. போதகர் நன்றாகவே சாப்பிட்டார், இரண்டு ஜோக்கும் சொன்னார். அவர் படுக்கப் போனதும் மாப்பிள்ளை சமையலறை வாசலில் போய் நின்றான். மாமியார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், மனைவி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மாசமா அத்தை?"

மாமியார் திரும்பவில்லை. குழாயை மட்டும் மூடினார். அஞ்சு மாசம் என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வியாழனும் வெள்ளியும் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு போதகர் உட்கார்ந்திருப்பாராம். ஒரு வரி எழுதுவாராம், அடிப்பாராம், அதே வரியைத் திரும்ப எழுதுவாராம். ஒரு வெள்ளிக்கிழமை அவர் அழுததை மாமியார் பார்த்துவிட்டார். அன்றுதான் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். முப்பது வருட நோட்டுகள். பத்து வருடத்துக்கு முந்தின ஒன்றை எடுத்து, பழைய தேதியை அழித்துப் புதுத் தேதி எழுதி, மேசையில் வைத்தார். சனிக்கிழமை காலை போதகர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ராத்திரி எழுதி முடித்துவிட்டேன் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டாராம். அதிலிருந்து வாராவாரம் இதுதான் வேலை. பேசி முடித்த நோட்டு பெட்டியின் அடியில் போக வேண்டும். குளத்தங்கரை நோட்டு மட்டும் எப்படியோ மேலேயே தங்கிவிட்டது.

"அவருக்குப் பேச்சு போகலை மாப்பிள்ளை. கையில கொடுத்தா பேசிடறார். நோட்டுதான் வரமாட்டேங்குது."

மனைவிக்கும் தெரிந்திருக்கிறது. முகத்தைப் பார்த்தாலே புரிந்தது. மாப்பிள்ளை அவளைப் பின்பக்கம் துணி காயும் இடத்துக்குக் கூட்டிப்போய், செயலர் பதிவுகள் கேட்டதைச் சொன்னான்.

அவள் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவள். காலை பத்து மணிக்குள் அறுபது கைகளில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டு வருபவள். ஞாயிறு ஒரு நாள்தான் கண்ணில் கொஞ்சம் தெளிவு இருக்கும், இன்று அதுவும் இல்லை. மூன்று வாரத்துக்கு முந்தின பதிவை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் கொடு என்று அவள் சொன்னாள். யாருக்கும் தெரியவில்லையே, யாருக்கு என்ன நஷ்டம்?

"யாருக்கும் தெரியலைங்கறதுதான் எனக்குத் தாங்கலை" என்றான் அவன். "என்னதான் கேட்டீங்க நீங்கல்லாம்? நம்பறது நீங்க. கேட்டது நானா?"

"ஆமா. நீங்கதான் கேட்டீங்க." அவளுக்குக் கோபம் வரவில்லை, அதற்குக்கூடத் தெம்பு இல்லை போலிருந்தது. "நான் ஒரு பிரசங்கமும் முழுசா கேட்டதில்லைங்க. அப்பா குரல் ஓடிட்டே இருக்கும், நான் உட்கார்ந்திருப்பேன். வாரத்துல அந்த நாப்பது நிமிஷம்தான் யாரும் என்னை எதுவும் கேக்க மாட்டாங்க. லேப்ல ரிப்போர்ட்டை வரிவரியா படிச்சுச் சொன்னா எவனும் கேக்கறதில்லை. பயப்பட ஒண்ணும் இல்லையேன்னு கேப்பாங்க. இல்லைம்மான்னு சொன்னா போதும், எழுந்து போயிடுவாங்க. அந்த ஒண்ணுக்குத்தான் வர்றாங்க. நானும் அதுக்குத்தான் போறேன்."

"அது உண்மையா இருக்க வேண்டாமா?"

"உங்களுக்கு வேணும். எனக்கு அப்பா வேணும்."

ஒன்பது வருடத்தில் இந்த வீட்டில் அவன் பொய் சொன்னதில்லை. அதுதான் அவனுக்கு இருந்த ஒரே பெருமை. நம்பாதவன், ஆனால் நம்பலாம் என்று போதகரே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

மூன்றரை மணிக்குப் புத்தக அறையிலிருந்து குரல் வந்தது. "மாப்பிள்ளை, டீ ஆறுது."

மாமியார் குறுக்கே வந்து நின்றார். அவன் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான்.

போதகர் எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்கவில்லை. மடியில் நோட்டு விரிந்து கிடந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நோட்டை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் மங்கலாக, பென்சிலில், அவருடைய கையெழுத்து. 'மாப்பிள்ளை: மத்தவங்க என்ன ஆனாங்க?' தேதியை மாற்றிய மாமியாரின் கண்ணுக்கு அந்தப் பென்சில் வரி தெரியவில்லை.

"இதை நீங்க எப்பக் கேட்டீங்க?"

மாப்பிள்ளை டீயைக் கீழே வைத்தான். வெளியே மனைவியின் காலடிச் சத்தம் கதவருகில் வந்து நின்றது.

"மூணு வாரத்துக்கு முன்னாடி மாமா."

"அப்ப இந்தப் பிரசங்கம்..."

"ஆமா. அப்படியே அதேதான்."

போதகர் தலையை ஆட்டினார். அவன் எதிர்பார்த்தது போல உடைந்துபோகவில்லை. மிகவும் களைத்துப்போன ஒருவர் கடைசியில் நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தது போல இருந்தார். எனக்குச் சந்தேகம் இருந்தது, அவள் பாவம், நோட்டு வைக்கிறாள் என்றும் சந்தேகம் இருந்தது, கேட்டால் அவள் உடைந்துவிடுவாள் என்று கேட்கவில்லை என்றார்.

"யாராவது கவனிச்சாங்களா?"

டிரைவரைப் பற்றிச் சொன்னான். நாளைக்கு டிப்போவுக்குப் போகிறார் என்பதையும் சொன்னான். போதகரின் கண் கலங்கியது.

"நாப்பது வருஷமா வாசல்ல நின்னு கை குலுக்கறேன். நல்ல செய்தின்னு சொல்வாங்க. எது நல்லா இருந்துச்சுன்னு கேட்டா முழிப்பாங்க. ஆரம்பத்துல அவ்வளவு கோவம் வரும் எனக்கு. ராத்திரி முழிச்சு முழிச்சு எழுதினதை யாருமே எடுத்துட்டுப் போகலையேன்னு. நீங்க வந்தப்புறம்தான் கோவம் போச்சு. ஒருத்தர் கேக்கறார்ல, போதும்னு." அவர் நோட்டை மூடினார். "உண்மையைச் சொல்லுங்க மாப்பிள்ளை. டிரைவருக்கு ரெண்டாம் தடவை சொன்னது யாரு? நானா, ஆண்டவரா?"

ஆண்டவர் என்று சொல்லிவிட்டால் என்ன? கதவுக்கு வெளியே நிற்பவளுக்கும் நிம்மதி.

"மறதிதான் மாமா" என்றான்.

"நானும் அப்படித்தான் நினைக்கறேன்" என்றார் போதகர். "ஆண்டவருக்கு என் மறதியும் உதவும். அது என் நம்பிக்கை, அதை உங்க தலையில கட்ட மாட்டேன். ஆனா மறந்துபோறவன் பீடத்துல நிக்கக் கூடாது. கமிட்டியில நானே சொல்லிடறேன். எனக்கு நீட்டிப்பு வேணாம்."

பென்சிலை எடுத்து நோட்டின் அட்டையில் பெரிதாக ஏதோ எழுதினார். பிறகு எழுந்து, முகம் கழுவப் போனார். கதவருகே மகள் நின்றிருந்தாள். அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அவள் கணவனைப் பார்த்த பார்வையில் திட்டு எதுவும் இல்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஐந்து மணிக்குக் கமிட்டி அறைக் கதவு சாத்தியது. வெளியே பெஞ்சில் மாமியார், மனைவி. மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தான், சட்டைப் பையில் பென் டிரைவ். எட்டு ஞாயிறும் அதில் இருந்தன. எதையும் எடுக்கவில்லை. மாமாவே சொல்லிவிடப் போகிறார், பிறகு எதை மறைப்பது? சற்றுத் தள்ளி மரத்தடியில் டிரைவர், துவைத்துத் தேய்த்த காக்கிச் சட்டையில் காத்திருந்தார். இன்றே போட்டுப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

மாமியார் டிரங்குப் பெட்டியின் சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரம் ஆயிற்று. அரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு சிரிப்பு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு சிரிப்பு. மாப்பிள்ளைக்கு அந்த இடைவெளி தெரியும். குடைக் கதை.

கதவு திறந்தது. போதகர் வெளியே வந்தார், முகத்தில் அவ்வளவு வெளிச்சம். கமிட்டிக்காரர்கள் பின்னாலேயே வந்து கை குலுக்கினார்கள்.

"ரெண்டு வருஷம் குடுத்துட்டாங்க" என்றார் மாமியாரிடம். "ஒருத்தர்கூட மறுக்கலை."

மாமியார் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை கிட்டே போய், யாருக்கும் கேட்காத குரலில் கேட்டான். "மாமா, சொல்லிட்டீங்களா?"

போதகர் அவனை அன்போடு பார்த்தார்.

"எதை மாப்பிள்ளை?"

அவர் கக்கத்தில் அந்த நோட்டு இருந்தது. அட்டையில் பென்சில் எழுத்து அவனுக்கு நேராகத் தெரிந்தது. 'முதலில் இதைச் சொல்லவும்.' மனைவி அதைப் படித்தாள். மாமியாரும் படித்தார். இருவரும் சேர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

செயலர் வந்து அவன் முன்னால் கையை நீட்டினார். "பதிவெல்லாம் கொண்டுவந்தீங்களா? இன்னிக்கே அனுப்பிடறேன். உங்க மாமா விஷயம், நீங்க குடுத்தா சரியாத்தான் இருக்கும்."

சட்டைப் பைக்குள் அவன் விரல் பென் டிரைவைத் தொட்டது. மாமாவின் முகத்தில் அந்த வெளிச்சம் இன்னும் அப்படியே இருந்தது. இதைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் அது அணையும், அணைத்தவன் அவனாக இருப்பான். கையை வெறுமையாக வெளியே எடுத்தான்.

"இன்னும் ஏத்தி முடிக்கலை சார்" என்றான். "ஒரு பதிவு கெட்டுப்போச்சு. மூணு வாரத்துக்கு முந்தினது. இனி எடுக்க முடியாது."

ஒன்பது வருடத்தில் முதல் பொய். இவ்வளவு சுலபமாக வரும் என்று அவன் நினைத்ததில்லை. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடடா, அதுக்கென்ன சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். டிரைவர் மரத்தடியிலிருந்து சந்தோஷமாக வந்துகொண்டிருந்தார், போனை உயர்த்திப் பிடித்தபடி. "அது எங்கிட்ட இருக்கே. நீங்கதானே ஏத்திக் குடுத்தீங்க? இன்னிக்கு ஐயா பேசினதும் அதேதான், ஒரு வார்த்தை மாறலை. போடறேன், கேளுங்க."

போதகர் ஆவலோடு காதைச் சாய்த்தார்.